நான்கு பேர், ஒன்பது வரிசைகள்

1

இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து பிறந்தது. பட்டியலை எழுதியவன் நான். 1986இல் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் எனக்கு எழுத்தர் வேலை. ஸ்டிரைக் முடிந்து உள்ளே வந்த நான்கு பெண்களைப் பற்றி மேஸ்திரி சௌந்தரபாண்டியன் சொன்னார்:

“ஏலே நம்பி, ஒருத்தியும் பழைய எடத்துல நிக்கப்படாது. மத்தபடி எப்படி வேணாலும் மாத்திக்க. கூடிக் கூடிப் பேசினாளுவள்ல, இனி பேசட்டும்.”

(மேஸ்திரியைக் கொடியவனாக்கி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். வேண்டாம். பட்டியலில் இருப்பது என் கையெழுத்து.)

2

‘மாடத்தி அன்று தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு—’

அடித்துவிட்டேன். அந்த நால்வரில் ஒருத்தி அவள்; தலையில் நான் பார்த்தது நூல் பிசிறுதான்.

சீனியம்மாளின் இடம் மிக்சிங். பேலாகக் கட்டி வந்த பஞ்சைக் கையால் பிரித்துப் போட வேண்டும். தூசியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. சுந்தரம்மாள் ஸ்பின்னிங், நூல் நூற்கும் இடம். அசீனா ரீலிங், நூலைச் சிட்டமாகச் சுற்றுவது. மாடத்தி கோன் வைண்டிங், நூலைக் கூம்பில் சுற்றுவது. அவளுக்கு மூச்சிளைப்பு உண்டு. எனக்குத் தெரியும்.

தெரிந்தும், வருகைப் பதிவேட்டில் இருந்த இதே வரிசைப்படி ஒவ்வொருத்தியையும் ஓரிடம் கீழே தள்ளினேன். கடைசிப் பெயர் மேலே போயிற்று. மாடத்திக்கு மிக்சிங். ஓரவஞ்சனை என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? மூட்டை சுமந்தவள் மகன் நான்; மேசை வேலை போய்விடுமோ என்று பயம். அந்தப் பயத்துக்கு நியாயம் என்று பெயர் வைத்தேன்.

3

பட்டியலைப் படித்ததும் மாடத்தி என்னிடம் வந்தாள்; மற்ற மூவரும் பின்னாலேயே.

“தம்பி, அங்ஙன எனக்கு மூச்சு நிக்காதுய்யா.”

சீனியம்மாள் விடவில்லை. “ஏட்டி, ஆறு வருசமா நான் முழுங்கினது என்ன, பால்கோவாவா?”

நால்வரும் சிரித்தார்கள். மாடத்தியின் சிரிப்பு பாதியில் இருமலாயிற்று. மிக்சிங்குக்குப் போன பதினோராவது மாதம் செத்தாள். (‘காலமானாள்’ என்று முதலில் எழுதியிருந்தேன். அது பொய் மரியாதை.)

4

1992. தபால்வழிப் பட்டப்படிப்புக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஞாயிறு வகுப்பு. கரும்பலகையில் வரிசைமாற்றங்கள். நான்கு பேரை நான்கு இடங்களில் இருபத்து நான்கு விதமாக நிறுத்தலாம். ஒருவரும் தன் இடத்தில் நிற்கக் கூடாதென்றால், ஒன்பதே விதம்.

ஒன்பதையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். மாடத்தி மிக்சிங்குக்குப் போவது மூன்றில். போகாதது ஆறில்.

மேஸ்திரியின் உத்தரவை மீறாமலே ஆறு வழி இருந்திருக்கிறது.

ஆகவே இப்படி ஒரு முடிவு எழுதினேன்: சீனியம்மாளும் சுந்தரம்மாளும் இடம் மாறுகிறார்கள். அசீனாவும் மாடத்தியும் மாறுகிறார்கள். மாடத்தி ரீலிங்கில் நின்றே கிழவியாகிறாள். நல்ல முடிவுதான். சுந்தரம்மாள் முகத்தைப் பார்க்காமல் எழுத முடிந்தது.

5

அந்த முடிவை அசீனாவிடம் சொன்னேன். பஜார் முனையில் பால் தூக்கோடு நின்று முழுக்கக் கேட்டாள்.

“ஆறு வழி இருந்துச்சாக்கும். அதுல மிக்சிங்ல யாரு?”

“மூணுல சுந்தரம்மா. மூணுல…”

“நானு. சொல்லுங்கண்ணே, என்னத்துக்கு முழுங்குறீக?” பால் தூக்கைக் கை மாற்றிக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்த ஒம்பதுல, மிக்சிங்ல ஒரு பொம்பளையும் நிக்காதது எத்தனை?”

என் பதிலை எழுதி அடித்துவிட்டேன். ஒன்பதையும் நீங்களே எழுதிப் பாருங்கள். அவள் கேட்டுவிட்டு நிற்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.