முழங்கை உயரத்தில் ஒரு கறை

போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி அவன் தன் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். சுத்தம் செய்வதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று எடுக்கவேண்டும். காலடி மாறாமலிருக்க மாமா தரையில் நாடா ஒட்டியிருந்தார். வீடு சுத்தம் செய்து தரும் தொழில் அக்காவுடையது. வேன் ஓட்டுவதும் வாய் பேசுவதும் அவள் கணவர், அவனுக்கு மாமா. படம் எடுத்து இணையத்தில் போடுவது அவன் வேலை. மனைவி இறந்தபின் பழைய உத்தியோகத்துக்கு அவன் திரும்பவில்லை. வீட்டில் கிடந்து சுவரை வெறிப்பதற்கு இதுவாவது செய்யட்டும் என்று அக்கா இழுத்துக்கொண்டாள்.

'பின்' படத்துக்கு வாடிக்கையாளர்கள் எல்லாரும் பல்லைக் காட்டிச் சம்மதித்தார்கள். 'முன்' படம் என்றதும் முகம் மாறிவிடும். "எங்க வீட்டு அழுக்க ஊருக்கெல்லாம் காட்டணுமா?" ஒரு வீட்டம்மா படம் எடுப்பார்கள் என்று பயந்து, இவர்கள் போய்ச் சேருவதற்குள் வீட்டைத் தானே துடைத்து வைத்திருந்தாள். "அப்ப எங்கள எதுக்கும்மா கூப்ட்டீங்க?" என்று மாமா கேட்டே விட்டார். வெறும் பளபளப்பைக் காட்டினால் யார் நம்புவார்கள்? கடைசியில் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உன் வீட்டு சமையக்கட்டையே எடுத்துக்கலாமாடா? என்னிக்கிருந்தாலும் செய்யவேண்டியதுதானே."

சரி என்றான். மனைவி போனதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். இதற்கு மட்டும் ஒன்று சேர்த்தான். "படம் எடுத்தப்புறம்தான் கை வைக்கணும்."

அந்தப் படம் தொழிலுக்காக இல்லை என்பதைச் சொல்லவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில், கைப்பிடிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கறை இருந்தது. கை ஈரமாக இருந்தால் அவள் முழங்கையால்தான் தள்ளிச் சாத்துவாள். எண்ணெயும் மாவும் வேர்வையும் ஒரே இடத்தில் படிந்து படிந்து சாம்பல் நிறத்தில் வட்டமாகிவிட்டது. முன்பு ஒருமுறை, தொடைக்கக்கூடாதா என்று கேட்டான். "நான் சாத்தறேன், நீ தொடச்சுடு. வேலையப் பிரிச்சுக்கலாம்" என்றாள். அவன் துடைக்கவில்லை. அப்போது சோம்பல். இப்போது அந்த வீட்டில் அவள் உடம்பு பட்டது என்று விரல் வைத்துக் காட்ட அது ஒன்றுதான் மிச்சம்.

கறை திரையில் தெளிவாகத் தெரிந்தது. பொத்தானை அழுத்த விரல் எழவில்லை. நின்றான். நின்றுகொண்டே இருந்தான். அப்போது ஒரு அழைப்பு வந்தது. சோபாவில் காபி கொட்டிவிட்டது, மெத்தையைக் கழற்றித் துவைப்பீர்களா, நாற்றம் போகுமா என்று நீட்டி முழக்கினார் ஒரு வாடிக்கையாளர். பால்கனிக்குப் போய்ப் பேசி முடித்துத் திரும்பியபோது சமையலறையிலிருந்து சோப்புத் தண்ணீர் வாசம் வந்தது.

அக்காவின் கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போன வீட்டிலும் மேசையைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

"படம் நல்லா வந்துச்சாடா?"

"எடுக்கல."

"அவ்வளவு நேரம் நின்னியே. எடுத்துட்டேன்னுல்ல நெனச்சேன்."

ஃபிரிட்ஜ் வெள்ளைவெளேரென்று நின்றது. கோபம் வருமா என்று அவன் உள்ளே தேடிப் பார்த்தான். வரவில்லை. உட்கார மட்டும் தோன்றியது.

"இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப்போட்டா எப்படி மாப்ள?" என்றார் மாமா. "அழுக்கு என்ன அமுதமா, கெடைக்காம போக? இப்ப பண்ணிடலாம்." குப்பைக்கூடையிலிருந்து பழைய தேயிலைச் சக்கையை எடுத்து அடுப்பின்மேல் பிழிந்தார். எண்ணெயைத் தெளித்தார். தள்ளி நின்று அழகு பார்த்தார்.

"ஏங்க, இது அழுக்கு மாதிரியா இருக்கு? லாரி கவுந்த மாதிரி இருக்கு."

"பின்ன? ஒரு வருஷம் ஒக்காந்து சேத்துவைக்கச் சொல்றியா?"

அக்கா சிரித்தாள். அவன் உள்ளே போனான். அடுக்கியிருந்த கோப்பைகளைக் கலைத்து, ஒன்றைத் தொட்டியின் விளிம்பில் கவிழ்த்தான். பிடிதுணியைக் குழாய்மேல் போட்டான். எண்ணெய்ப் புட்டியை நகர்த்தி மூடியைத் திருகி எடுத்துப் பக்கத்தில் வைத்தான். "மூடி எப்பவும் தெறந்துதான் இருக்கும்." அன்று முழுக்க அவன் பேசியதில் நீளமான வாக்கியம் அதுதான். அக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

பிறகு எண்ணெயில் தேயிலைத் தூளைக் குழைத்து முழங்கையில் தடவிக்கொண்டு ஃபிரிட்ஜ் கதவில் சாய்ந்தான். கறை பழைய இடத்துக்கு மேலே விழுந்தது. துடைத்தான். மறுபடி சாய்ந்தான். மறுபடியும் மேலே.

"என்னடா பண்றே?"

"அவ இப்படித்தான் சாத்துவா."

அக்கா தன் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அடுப்புக் கரி, சுவர்ப் பிசுக்கு, எல்லாம் அதில் ஒன்றாகக் கிடந்தன. எது எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் பிரிக்க முடியாது.

"சொல்லியிருக்கலாம்ல தம்பி."

"ம்."

துணியைக் கீழே போடவும் மனமில்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு அவன் அருகே வந்து நின்றாள். தன் காதுக்கு நேராக உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தாள். "அவ எனக்கு இவ்வளவுதான் இருப்பா. குனி. முதுக வளைக்காத, முட்டிய மடக்கு. இன்னும் கொஞ்சம்."

முட்டியை மடக்கி மடக்கி இறங்கினான். உச்சந்தலையில் அக்காவின் கை தொட்டது. முழங்கை கதவைத் தொட்டது.

சன்னலுக்குக் குறுக்கே ஒரு சாமான் பலகை உண்டு. அவன் உயரத்துக்கு அது எப்போதும் தெருவை மறைத்துவிடும். இந்த உயரத்தில் பலகைக்கு அடியில் தெருமுனை வரை தெரிந்தது. பேருந்து நிறுத்தம் தெரிந்தது. மாலையில் அவன் பேருந்திலிருந்து இறங்கி வந்து மணியடிக்கும் முன்பே மனைவி கதவைத் திறந்துகொண்டு நிற்பாள்.

"எடுக்கவா மாப்ள?" நாடாமேல் காலை வைத்து நின்று மாமா கேட்டார்.

"இருங்க மாமா."

முட்டி நடுங்கத் தொடங்கியிருந்தது. அக்கா கையை எடுக்கவில்லை. தெருமுனையில் ஒரு பேருந்து வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.