காய்ந்த முதுகு

ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிய பிறகு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் மலைத்தெய்வமான மலை ஐயாவின் காலடியில் வெட்டிய பனிக்கட்டி. அது உருகிய நீரைக் குடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன் என்றாள்.

குமரியாக இருந்தபோது ஒவ்வொரு திருவிழாவுக்கும் அதை வெட்டி, புல்லில் சுற்றி, முதுகில் கட்டி இறக்கியவள் அவள். குதிரைமேல் ஏற்றக் கூடாது. மனுஷ முதுகில்தான் வர வேண்டும். ஊர் வருவதற்குள் பாதி உருகி முதுகு தொப்பலாகிவிடும். நனையாத முதுகோடு வந்தவளை ஊரே கேலி செய்யும் என்பாள்.

அன்று தலைநகர் லீமாவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் மலை பார்க்க வந்தார்கள். அப்பா வழிகாட்டி. அம்மா படுத்த படுக்கையானதும் பள்ளியை விட்ட நான், குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் சால்வைக்குள் புல்கட்டு தயாராக இருந்தது.

வழியில் மேய்ந்த லாமாக்கள் வரை கணவர் கண்டதையெல்லாம் படம் எடுத்தார். "பாப்பா, அந்த லாமாவைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லேன்."

"துப்பாம நிக்குதே, அதுவே பெரிசு சார்," என்றார் அப்பா.

"உங்களைப் பாத்தா அதுக்கு எங்கேருந்து சிரிப்பு வரும்?" என்று சிரித்தாள் அவர் மனைவி ஹசிந்தா.

கணவாயில் கற்குவியல்மேல் அப்பா ஒரு கல்லை வைத்தார். கோகா இலைகளை உதட்டருகே பிடித்து மலையைப் பார்த்து ஊதினார். "ஐயா, கொஞ்சம் குடு. பசிலியாவுக்குத்தான்," என்று அம்மாவுக்காக வேண்டினார்.

ஏரியை அடைந்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். கருப்புப் பாறை மொட்டையாகக் கிடந்தது. பனியின் வெள்ளை எங்கோ உச்சியில், காய்ந்துபோன பால்கறை போல ஒட்டியிருந்தது.

"இந்தப் பாறை வரைக்கும் பனி இருந்துச்சேடி," என்றார். பிறகு, "நான் ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன். நீ இவங்களப் பாத்துக்க."

அப்போதுதான் ஹசிந்தா தரையில் உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். "ஏன் ரெண்டு ஏரி இருக்கு?" என்று கேட்டாள். இருந்தது ஒரே ஏரிதான். அவள் உதடு நீலமாகியிருந்தது.

"கொஞ்சம் உக்காந்தா சரியாயிடுமே," என்றார் கணவர்.

"மலை உயரம் ஒத்துக்கல. இங்க உக்காந்தா அப்புறம் எந்திரிக்க மாட்டாங்க சார். இப்பவே இறக்கணும்."

"நான் மேல போறேம்பா," என்றேன்.

"குதிரைய யாரு பிடிப்பா? நான் இந்தம்மாவத் தாங்கிட்டு வரணும். மேல பனி வெடிப்புல விழுந்தேன்னா உன்னை எங்க போய்த் தேடறது?"

அப்பா ஒரே ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு குதிரையைத் திருப்பச் சொன்னார்.

சாலைக்கு வந்தபோது ஹசிந்தாவின் முகத்துக்கு மறுபடி ரத்த ஓட்டம் வந்திருந்தது. கணவர் அழுதுகொண்டே அப்பாவைக் கட்டிப்பிடித்தார். எல்லோரும் சேர்ந்து ஒரு படம். அதில் அப்பா சிரித்தார்.

கார் போனதும் அப்பா பாலத்துக்குக் கீழே இறங்கினார். ஓடையில் பாட்டிலை அலசி நிரப்பி என் கையில் தந்தார்.

"வழியில உருகிடுச்சுன்னு சொல்லு." என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கேட்டாள். "குடுத்தாரா?"

"குடுத்தாரு," என்றார் அப்பா.

"கருப்புப் பாறையிலயா?"

"பாறையிலயேதான். அப்படியே கெடக்கு."

சேணம் அவிழ்க்க அவர் வெளியே போய்விட்டார். அம்மா என்னை அருகே அழைத்தாள். "யாரு சுமந்தது?"

"நாந்தாம்மா."

அவள் கை என் சால்வைக்குள் நுழைந்து முதுகைத் தடவியது. தோள்பட்டைகளுக்கு நடுவே வந்து நின்றது. அங்கே புழுதியும் புல்துணுக்கும்தான் இருந்தன.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். தண்ணீரில் விரலை நனைத்து, பூமித்தாய்க்குச் சில துளிகள் தரையில் தெளித்தாள். மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தாள்.

"நல்லா சில்லுனு இருக்குய்யா, மெலெசியோ," என்று வாசலைப் பார்த்து அப்பாவுக்குக் குரல் கொடுத்தாள்.

வெளியே சேணம் கீழே விழும் சத்தம் கேட்டது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அவள் எங்களிடம் எதையும் கேட்கவில்லை.