காற்றை அடைத்த காவல் கருவாடு

குரியோங்போ துறைமுகத்திலிருந்து கணவாய் மீன் பிடிக்கும் படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. கி-சோலின் படகு மட்டும் கன்னங்கரேலென்று புகை கக்கியபடி நத்தையாக ஊர்ந்து, மறுபடி கரைக்கே திரும்பியது. கணவாய்க் கூட்டம் நாளை வடக்கே போய்விடும். இன்று தவறினால் இந்தப் பருவம் அவ்வளவுதான்.

"இன்ஜெக்டரைக் கழட்டு!" என்று மெக்கானிக் பாங்கிடம் கத்தினார் கி-சோல்.

"கத்தாதீங்கண்ணே. ஆயில் எரிஞ்சா புகை நீலமா வரும். இது கறுப்பு. டீசல் போகுது, காத்து போகல."

பாங் காற்று வடிகட்டியில் டார்ச் அடித்தான். வெள்ளை நூல் சுற்றிய ஒரு கருவாடு அதன் வாயை அடைத்துக் கிடந்தது.

"அண்ணி, படகுக்குக் காவல்னு இதைக் கட்டினது நீங்கதானா?"

கரையில் நின்ற கி-சோலின் மனைவி சுன்-ரேயின் முகம் சிவந்தது. "போன வாரப் புயல்ல இந்த மனுசன் திரும்பி வர்றவரை என் உசுரு என்கிட்ட இல்ல. அதான் இஞ்சினுக்கு மேல கட்டினேன். அவுந்து விழுந்திருக்கு."

கி-சோலின் கோபம் போன இடம் தெரியவில்லை. "புயலே நிறுத்தாத இஞ்சினை நீ நிறுத்திட்டியேடி!"

"நின்னா என்ன? வீட்லயாவது இருப்பீங்க."

கருவாட்டைத் துடைத்து அவளிடமே நீட்டினார். "வா, சுக்கான் சக்கரத்துக்கு மேல கட்டு. முடிச்சை இறுக்கிப் போடு."

அவள் கட்டி இறங்கியதும் இஞ்சின் உறுமியது. துளிப் புகை இல்லை.