திங்கட்கிழமைக்கு மூன்று டிப்ஸ்

வாரத்துக்கு மூன்று புது டிப்ஸ் வேண்டும் என்பது மேனேஜரம்மாவின் கட்டளை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் போட்டாக வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சமைத்துக் காட்டி, மூடி போட்ட சட்டி விற்கும் பதினொரு பெண்களும் அதற்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். சட்டி தானாக விற்காது, டிப்ஸ்தான் அதை விற்றுக்கொடுக்கும் என்பது மேனேஜரம்மாவின் தத்துவம். அவள் வீட்டு அடுப்பை அவள் கணவர்தான் பற்றவைக்கிறார் என்பது பதினொரு பேருக்கும் தெரியும்.

அந்தப் பதினொரு பேரில் மூத்தவளை எல்லோரும் டெமோ அக்கா என்பார்கள். ஆறு வருஷமாக நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குகிறவள். டிப்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் குமட்டும். அந்த வாரம் வந்தவற்றைப் படித்தாள். வெங்காயம் நறுக்கும்போது பல்லில் ரொட்டித் துண்டைக் கவ்விக்கொண்டால் கண் எரியாதாம். சூப்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட வேண்டுமாம், அது உப்பை உறிஞ்சிக்கொள்ளுமாம். பால் பாத்திரத்தின்மேல் மரக்கரண்டியைக் குறுக்கே வைத்தால் பால் வழியவே வழியாதாம். எல்லாவற்றுக்கும் கீழே மேனேஜரம்மா கைதட்டும் பொம்மையைப் போட்டிருந்தாள்.

“கை தட்டுறதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஒருத்தியாவது செஞ்சு பாத்திருப்பாளா?” என்று போனை மேஜையில் போட்டாள்.

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த நாத்தனார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டாள்.

“நாம செஞ்சு பாத்துருவோம் அண்ணி. ஆனா ஒழுங்காச் செய்யணும். ரெண்டு பாத்திரம். ஒண்ணுல டிப்ஸ் உண்டு, இன்னொண்ணுல கிடையாது. எது எதுன்னு அண்ணனுக்குச் சொல்லக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை சமையலறை ஆய்வுக்கூடமானது. பஸ் டெப்போவில் மெக்கானிக்கான அந்த அண்ணனை, அதாவது டெமோ அக்காவின் கணவரை, உட்காரவைத்து, இரண்டு கிண்ணம் சூப்பை நீட்டினார்கள். இரண்டையும் குடித்தார். இரண்டு முறையும் முகம் ஒரே மாதிரி கோணியது.

“ரெண்டும் கடல் தண்ணி. இதுல கிடக்கிற கிழங்கு மட்டும் நல்லா இருக்கு” என்றார்.

பால் கொஞ்ச நேரம் கரண்டிக்கு மரியாதை கொடுப்பதுபோல் நின்றது. பிறகு கரண்டியையும் சேர்த்து நனைத்துக்கொண்டு அடுப்பில் வழிந்தது. நாத்தனாரின் நிலைமைதான் பரிதாபம். ரொட்டியைக் கவ்விக்கொண்டு வெங்காயம் நறுக்கியவளுக்குக் கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. வாயில் ரொட்டி இருந்ததால் திட்டக்கூட முடியவில்லை.

மூன்று ஞாயிறுகளில் இருபத்து மூன்று டிப்ஸைச் சோதித்தார்கள். தேறியவை நான்கு. கத்தியைச் சாணை பிடித்தால் வெங்காயம் குறைவாக எரிந்தது. முட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் ஓடு சுலபமாகக் கழன்றது. மற்ற இரண்டும் இந்த அளவுக்குக்கூட மின்னாதவை.

அதற்கப்புறம் டெமோ அக்காவின் டெமோ மாறிவிட்டது. போகிற வீட்டில் முதலில் பொய்களைப் பிரித்துப்போட்டாள். கரண்டியை வைத்துப் பாலைப் பொங்கவிட்டாள். “இதை உங்களுக்கு யாரு சொன்னா?” என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, ஓரகத்தி, போனில் சமையல் வீடியோ போடும் சிரிப்பழகி என்று பெண்கள் ஆளாளுக்குக் காட்டிக்கொடுத்தார்கள். சிரிப்பு வாசல் வரை கேட்டது. இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தது இவர்கள்தானே, என்னவோ அடுத்தவள் முட்டாளானது மாதிரி சிரிக்கிறார்களே என்று அவளுக்கு உள்ளூர இளக்காரம். இருந்தாலும் அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. நிமிர்ந்து நடந்தாள்.

ஒரு சனிக்கிழமை, தையல்கடைக்காரி ஒருத்தியின் வீட்டில் டெமோ. நான்காவது மாடி. கூடத்தில் ஒன்பது பேர். கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஆஸ்பத்திரி கேன்டீனில் தினம் இருநூறு பேருக்குச் சமைப்பவள். எல்லோரையும்விட அவள்தான் சத்தமாகச் சிரித்தாள். பொய்யெல்லாம் முடிந்து டெமோ அக்கா சட்டியை எடுத்தாள்.

“இப்ப இந்த மூடியோட மகிமையைப் பாருங்க. ரெண்டே நிமிஷம் தீ. அப்புறம் அணைச்சிரலாம். பத்து நிமிஷத்துல உருளைக்கிழங்கு தானா வெந்துரும்.”

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். அப்போது கேன்டீன்காரி கையைத் தூக்கினாள்.

“தங்கச்சி, அது எதுக்கு? இந்த வீட்டுக் கிழங்கே இருக்கே. கரண்டியைச் சோதிச்ச மாதிரி சட்டியையும் சோதிச்சுக் காட்டிரு.”

டெமோ அக்கா டப்பாவைத் திறக்கவில்லை. டப்பாவில் இருந்த கிழங்கு பச்சைக் கிழங்கல்ல. வீட்டிலேயே பாதி வேகவைத்துத் துடைத்து எடுத்துவந்தது. பதினொரு பேரும் அப்படித்தான் செய்தார்கள். பயிற்சியின் முதல் நாளே மேனேஜரம்மா சொல்லிக்கொடுத்த வித்தை அது. ஆறு வருஷமாக அதைப் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை. தொழில் என்றுதான் நினைத்திருந்தாள்.

“நேரம் ஆகுமே, தோல் சீவணும்...” என்று இழுத்தாள்.

“நான் சீவுறேன்” என்று தையல்கடைக்காரி எழுந்தாள்.

இரண்டு நிமிஷம் தீ. அணைத்தாள். அந்தப் பத்து நிமிஷம்போல் நீளமான ஒன்றை அவள் பிரசவத்தில்கூடப் பார்த்ததில்லை. யாரோ பிள்ளைகளின் பரீட்சை பற்றிப் பேசினார்கள். மூடியைத் திறந்தபோது ஆவி அழகாக எழுந்தது. கத்தி கிழங்கில் பாதியில் நின்றுவிட்டது.

“உன் பருப்பும் வேகல, கிழங்கும் வேகல” என்றாள் கேன்டீன்காரி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கிழங்கு பெரிசு, அடுப்பு சரியில்லை என்று அவளுக்குத் தயாராகப் பத்துச் சாக்கு தெரியும். ஆனால் வாரக்கணக்காக மற்றவர்களின் பொய்களை நக்கலடித்த வாய்க்கு அன்று சாக்கு வரவில்லை. டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள்.

“இதுதான் வேகும். ஏன்னா இது பாதி வெந்தே வந்துச்சு. எப்பவும் அப்படித்தான் கொண்டுவருவோம்.”

முகம் தீயாக எரிந்தது. பையை அடுக்கத் தொடங்கினாள். அப்போதுதான் வேடிக்கை. “அது கிடக்கட்டும், அந்தப் பச்சைக் கலர் சட்டி என் டைல்ஸுக்கு அப்படியே பொருந்துது, எனக்கு ஒண்ணு குடு” என்றாள் தையல்கடைக்காரி. அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர் வாங்கினார்கள். ஒரே டெமோவில் நான்கு சட்டிகளை அவள் அதற்குமுன் விற்றதே இல்லை. சட்டி நிறத்துக்காக விற்றது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கேன்டீன்காரி வாங்கவில்லை. போகும்போது மட்டும், “சொன்ன பாரு, அதுக்குத் தைரியம் வேணும்” என்று தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

யாரோ எடுத்த வீடியோ மறுநாளே மேனேஜரம்மாவுக்குப் போய்விட்டது. போன் வந்தது.

“டிப்ஸ் குடுக்கச் சொன்னா துப்பு குடுத்துட்டு வந்திருக்கியே! புதன்கிழமை மீட்டிங்குக்கு வா.”

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். ஆனால் மேனேஜரம்மா அவளை மேடைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டாள்.

“நாலு சட்டி! ஒரே நாள்ல! எப்படி? உண்மையைச் சொன்னதால. இனிமே எல்லாரும் இதே மாதிரிதான் செய்யணும். இதுக்கு நம்பிக்கை டெமோன்னு பேர் வச்சிருக்கேன்.”

தாள்கள் கைமாறின. டெமோ அக்கா படித்தாள். கூட்டத்தில் நம் ஆள் ஒருத்தி உட்கார்ந்து எதிர்க்கேள்வி கேட்க வேண்டும். பழைய மூடி போட்டு வைத்த கிழங்கு வேகாமல் போக வேண்டும். குரல் தழுதழுக்க மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லோரும் இரக்கப்பட்டதும், புது மூடியை எடுத்துக் கிழங்கை வேகவைத்துக் காட்ட வேண்டும்.

“மேடம், அந்தப் புது மூடிக்குக் கிழங்கு எங்கேருந்து வரும்?” என்று கேட்டாள்.

“வீட்லேருந்துதான். வழக்கம்போல.”

மேனேஜரம்மா சிரித்தாள். பத்துப் பேரும் தாளைப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் தழுதழுக்கும் இடத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

டெமோ அக்கா நீலப் பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “இதை அழத் தெரிஞ்சவங்களுக்குக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தெருவுக்கு வந்ததும் தோள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதைச் சரிசெய்ய முயன்றாள். முடியவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் நாத்தனார், “அந்த அம்மா மூஞ்சியை நான் பாக்கலையே!” என்று வருத்தப்பட்டாள். அண்ணன், “அப்ப ஞாயித்துக்கிழமை எனக்கு நல்ல சோறு கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் அவள் கேன்டீன்காரிக்குப் போன் போட்டு வேலை கேட்டாள்.

“வேலை இருக்கு. காலையில அஞ்சு மணிக்கு நிக்கணும். தினம் ரெண்டு மூட்டை காய் நறுக்கணும். யாருக்கும் எதையும் காட்ட வேண்டாம், சமைச்சாப் போதும். வர்றியா?”

“வர்றேன்க்கா” என்றாள். அவளை யாரும் அக்கா என்று கூப்பிடாத இடம் ஒன்று இருப்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. நான்கு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு, டிப்ஸ் குழுவிலிருந்து வெளியேறும் பொத்தானைத் தேடி அழுத்தினாள்.