றஜிதாவைப் பற்றி நிரூபா எழுதவேண்டிய ஐந்து வரிகள்

1

இந்தக் கதை எனக்கு மட்டன் றோல்ஸ் வைத்த ஒரு மேசைக்குப் பக்கத்தில் கிடைத்தது. கனடாவில், டொரொண்டோவுக்குக் கிழக்கே இருக்கும் அஜக்ஸில் ஒரு பிறந்தநாள் விழா. எனக்கு முன்னால் இரண்டு தாய்மார் பேப்பர் தட்டுகளோடு நின்றார்கள். ஒருவர் தன் மகள் யூனிவேர்சிற்றியில் முதலாம் ஆண்டு என்றும், பிஸ்னஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள் என்றும், கிடைக்குமோ தெரியாது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டு, "உங்கட பிள்ளை என்ன மாதிரி?" என்று கேட்டார்.

மற்றவர் றோல்ஸ் ஒன்றை எடுத்து, திரும்பத் தட்டில் வைத்தார்.

"அவள் ஒண்டும் யோசிக்கேல்லை அக்கா. டொரொண்டோவுக்கு ரயிலில சும்மா போய் வாறாள்."

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அந்தத் தாய்மாரை எனக்குத் தெரியாது, மகள்மாரைக் கண்டதுமில்லை. ஆனால் பனிக்காலத்தில் இருட்டோடு எழும்பி, அஜக்ஸிலிருந்து டொரொண்டோவுக்கு ரயில் பிடிக்கிற ஒரு பிள்ளை சும்மா போய் வரமாட்டாள். அது பொய் என்று உடனே விளங்கியது. ஏன் பொய் என்றும் விளங்கியது. பிறகு என்ன நடந்தது என்பதுதான் தெரியாது. ஆகவே இனி வருவதெல்லாம் நான் கட்டுவது.

2

முதல் தொடக்கம்: "பிக்கரிங்கில் ரயில் கதவு திறந்தபோது நிரூபாவின் நெஞ்சு —"

[விட்டுவிட்டேன். நிரூபா யாரென்று சொல்லமுன் அவளுடைய நெஞ்சுக்குள் போவது மரியாதையில்லை.]

இரண்டாம் தொடக்கம்: "பொறாமை என்பது —"

[இதையும் விட்டுவிட்டேன். உங்களுக்குத் தெரியாததா?]

மூன்றாவது நிற்கட்டும்: நிரூபாவும் றஜிதாவும் ஸ்காபரோவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து சிநேகிதிகள். பிறகு இரண்டு குடும்பமும் கிழக்கே வீடு வாங்கிப் போயின. நிரூபா வீட்டார் அஜக்ஸுக்கு, றஜிதா வீட்டார் பிக்கரிங்குக்கு. யூனிவேர்சிற்றி ஒன்றாகவே கிடைத்தது. காலையில் அஜக்ஸில் ஏறும் நிரூபா இரண்டு மாடி ரயிலின் மேல்தட்டில் ஓர் இருக்கையில் பையை வைத்து இடம் பிடிப்பாள். அடுத்த நிலையமான பிக்கரிங்கில் றஜிதா ஏறி, பையைத் தூக்கி நிரூபாவின் மடியில் போட்டுவிட்டு உட்காருவாள். உட்காரமுன்னமே கதைக்கத் தொடங்கிவிடுவாள்.

நிரூபாவின் அம்மா கௌசி. றஜிதாவின் அம்மா எமில்டா. றோல்ஸைத் திரும்ப வைத்தவர் கௌசி.

3

இனிக் கொஞ்சம் விளக்கவேண்டும். விளக்குவது எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் அடுத்த பகுதிக்குத் தாண்டலாம், அங்கே போய்த் திண்டாடினால் நான் பொறுப்பில்லை.

இவர்கள் படிக்கும் யூனிவேர்சிற்றியில் (பெயர் கேட்காதீர்கள், அதையும் நான்தான் கட்டினேன்) முதலாம் ஆண்டில் எல்லாரும் ஒரே வாசலால் நுழைகிறார்கள். பொருளியல், கணிதம், முகாமைத்துவ அறிமுகம் என்று பொதுவாகப் படிக்கிறார்கள். ஆண்டு முடிவில்தான் பிஸ்னஸ் படிப்புக்கு விண்ணப்பம். கேட்பவர்கள் கூட, இடம் குறைவு. அதனால் மூன்று சல்லடை வைத்திருக்கிறார்கள்.

முதலாவது பரீட்சை மார்க்ஸ். அதை விளக்கத் தேவையில்லை. இரண்டாவது வீடியோ. திரையில் ஒரு கேள்வி தோன்றும், மூச்சு விட நேரம் தருவார்கள், பிறகு கமரா தானாக ஓடத் தொடங்கும். ஒரு தடவைதான், அழித்துத் திரும்பப் பேச முடியாது. பாடமாக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பிடிப்பதற்கு இது நல்ல பொறி. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. உன்னோடு குழுவாக வேலை செய்த ஒரு மாணவரின் பெயரை நீ கொடுக்கவேண்டும். அலுவலகம் அவருக்கு ஓர் இணைப்பு அனுப்பும். திறந்தால் ஒரே கேள்வி: 'இவரோடு வேலை செய்தது எப்படி இருந்தது? உதாரணம் ஒன்று தருக.' ஐந்து வரிக்குமேல் எழுத இடமில்லை. எழுதியதை நீ ஒருநாளும் பார்க்கமாட்டாய்.

ஏன் உதாரணம்? தன்னைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் தலைவர்கள். சிநேகிதரைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் தங்கமானவர்கள். ஒரு நாள், ஒரு வேலை, அதில் இவர் செய்தது என்ன என்று கேட்டால்தான் ஆள் தெரியவருவார். உதாரணம் இல்லாத புகழ்ச்சியை 'சொல்ல ஒன்றும் இல்லை' என்றே எடுத்துக்கொள்வோம் என்று விளக்கக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

(பக்கக் குறிப்பு: சாட்சி எழுதுகிறவரும் அதே படிப்புக்கு விண்ணப்பித்திருக்கலாம். தடையில்லை. இந்த ஓட்டையை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.)

இதன்மேல் இன்னொரு விதி. இது எந்த அலுவலகத்திலும் எழுதி ஒட்டப்படாதது. விசா, வேலை, வீடு, வயிற்றுப் பிள்ளை, எதுவானாலும் கையில் வரும்வரை வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் நாவூறு படும், பிறர் வாயால் புகழ்ந்தாலே கெட்டுப்போகும். கௌசி இந்த விதியில் வளர்ந்தவர். "கிடைச்சாப் பிறகு சொல்லுவம். இப்ப ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதை. றஜிக்கும்தான்" என்று மகளுக்குச் சொல்லிவைத்தார். எமில்டா நேரெதிர். மகளுக்காகச் செபிக்கச் சொல்லி மாதா கோயிலில் அரைவாசிப் பேரிடம் கேட்டாயிற்று.

ஆக, இருவருமே விண்ணப்பிக்கிறார்கள். நிரூபா விண்ணப்பிப்பது றஜிதாவுக்குத் தெரியாது. நிரூபாவின் வேலையை நேரில் பார்த்த ஒரே ஆள் றஜிதா. அவளுடைய பெயரைக் கொடுக்க நிரூபாவால் முடியவில்லை. இருவரும் சேர்ந்திருந்த வகுப்புக் குழுவில் மூன்றாவதாக இருந்த அலெக்ஸாண்டரின் பெயரைக் கொடுத்தாள். குழு வேலையில் அவன் பங்கு, படங்களின் நிறத்தை மாற்றியது.

4

அந்தக் குழு வேலையைச் சொன்னால்தான் பொறாமை விளங்கும்.

வளாகத்தில் ஒரு கோப்பிக் கடை. எப்போதும் நீண்ட வரிசை. அதைக் குறைக்க வழி சொல்லவேண்டும். எல்லாக் குழுக்களும் காசு வாங்குமிடத்தைப் பார்த்தன, இன்னொரு ஆள் போடுங்கள் என்றன. நிரூபா பார்த்தது வேறு. பகலில் பல தடவை போய்த் தூணோடு சாய்ந்து நின்று பார்த்தாள். காசு வாங்குகிறவர் கெட்டிக்காரர், தாமதமில்லை. கோப்பி வாங்கியவர்கள் பால், சீனி வைத்த மேசையில் நின்றுவிடுகிறார்கள். அந்த மேசை வெளியேறும் வழியில் இருக்கிறது. அங்கே நாலு பேர் நின்று கலக்கினால் பின்னால் வருகிறவர் நிற்பார், அவருக்குப் பின்னால் கடையே நிற்கும். மேசையைச் சுவரோரம் தள்ளினால் போதும், வேறு ஆள் தேவையில்லை. (இதைக் கட்டியபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. அடுத்தமுறை கோப்பிக் கடையில் பாருங்கள்.)

ஆனால் ஆட்களுக்கு முன்னால் நின்றால் நிரூபாவின் நாக்கு ஒட்டிக்கொள்ளும். றஜிதா பேசினாள். சீனிப் பைக்கற்றை எடுத்து, வைத்து, இன்னொன்றை எடுக்கும் ஒரு மனிதனை நடித்துக் காட்டினாள். வகுப்பு சிரித்தது. பேராசிரியர் அருமையான கண்டுபிடிப்பு என்றார், றஜிதாவைப் பார்த்து. றஜிதா, நாங்கள் கண்டுபிடித்தது என்றாள்.

நாங்கள். நிரூபா அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.  றஜிதா திருடியிருந்தால் நிரூபாவுக்கு நிம்மதி. கோபித்து, நாலு பேருக்குச் சொல்லி, ஆறியிருக்கலாம். அவள் நேர்மையாகத்தான் சொன்னாள். அவள் சொன்னபோதுதான் நிரூபாவின் கண்டுபிடிப்பு நிரூபாவுக்கே அழகாகத் தெரிந்தது. அவளால் பொறுக்க முடியாதது அதுதான். யாரோ ஒருத்தி கெட்டிக்காரியாக இருந்தால் நாம் கைதட்டுவோம். நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நம் மடியில் பையைப் போடுகிறவள் கெட்டிக்காரியாக இருந்தால் —

[இந்த வாக்கியத்தையும் விடுகிறேன். முடித்தால் உபதேசமாகிவிடும்.]

5

ஒரு காலை, பிக்கரிங்கில் ஏறிய றஜிதா பையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "நிரூ, உன்ர பேரைக் குடுத்திட்டன். உனக்கு லிங்க் வரும். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள்ள எழுதோணும், சரியா?"

"என்ர பேரையோ?"

"வேற யாற்ற பேரைக் குடுக்கிறது? அலெக்ஸாண்டரையோ?"

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நிரூபாவும் சிரித்தாள். சிரித்தது எப்படி என்று என்னால் எழுத முடியவில்லை. மூன்று முறை முயன்று பார்த்தேன்.

6

நிரூபா இணைப்பிலிருந்த அந்த ஐந்து வரிப் பெட்டியைத் திறந்தாள். எழுதினாள், அழித்தாள்.

முதல் வரைவு: மற்றவர்களின் வேலையைத் தன்னுடையதுபோலச் சொல்லும் திறமை றஜிதாவுக்கு உண்டு.

இதை வாசித்த உடனே அழித்தாள். உண்மையில்லை என்பதால் அழித்தாளா, எழுதியவளின் பொறாமையை அலுவலகம் கண்டுபிடித்துவிடும் என்பதால் அழித்தாளா? முதலாவது காரணம் என்று எழுதவே விரும்புகிறேன். இரண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் வரைவு: றஜிதா மிகவும் நல்லவள். கெட்டிக்காரி. எல்லாருக்கும் உதவி செய்வாள். அவளோடு வேலை செய்தது சந்தோஷம். அவளை எல்லாருக்கும் பிடிக்கும்.

வாசகரே, இதை இன்னொரு தடவை வாசியுங்கள். ஒரு பொய் இல்லை, ஒரு குறை இல்லை. விளக்கக் கூட்டத்தில் நிரூபா முன்வரிசையில் இருந்தவள். உதாரணம் இல்லாத புகழ்ச்சி எங்கே போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். றஜிதாவை வெளியே நிறுத்த அவளைப் புகழ்ந்தாலே போதும். கௌசி பயந்த நாவூறு இதுவாகத்தான் இருக்கவேண்டும், செய்கிறவள் தன் மகளாக இருப்பாள் என்று மட்டும் அவர் நினைத்திருக்கமாட்டார்.

அவள் அதை அனுப்பவில்லை. அழிக்கவுமில்லை. சேமித்து வைத்தாள்.

7

இந்த இடத்தில் எனக்கு றஜிதாமேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு திறந்த மனதுள்ள பெண்ணை யார் நம்புவார்கள்? அவளைக் கொஞ்சம் கெட்டவளாக்கிப் பார்த்தேன். ஒரு பத்தியில் அவள் நிரூபாவின் சப்பாத்தைப் பகிடி பண்ணினாள். இன்னொன்றில், பேராசிரியரிடம் தனியாகப் போய், யோசனை என்னுடையதுதான் என்றாள். அப்படி எழுதியதும் கதை நன்றாக ஓடியது, அதனால்தான் கிழித்தேன். றஜிதா கெட்டவளானால் நிரூபா பாதிக்கப்பட்டவள் ஆகிவிடுவாள். அவள் பாதிக்கப்படவில்லை. பொறாமைப்படுகிறாள். இரண்டுக்கும் நடுவில்தான் நான் நிற்கவேண்டும்.

இன்னொன்று. றஜிதா ஒருநாளும் பொறாமைப்படாதவளாக இருப்பதற்கு, அதுவரை அவளுக்குத் தேவை வராததும் காரணமாக இருக்கலாம்.

8

வெள்ளிக்கிழமை காலை. ரயில் ரூஜ் ஹில் தாண்டிக்கொண்டிருந்தது. அங்கே தண்டவாளம் ஏரிக்கரையோடு போகும். றஜிதா ஏரியைப் பார்த்தபடி சொன்னாள்: "நீயும் அப்ளை பண்ணியிருக்கலாம், உண்மையா. நான் உனக்கு எழுதியிருப்பன். என்ன எழுதிறதெண்டும் யோசிச்சு வச்சனான்."

"என்ன?"

"பால் மேசை. எல்லாரும் காசு வாங்கிற ஆளைப் பாக்கேக்க, இவள் மட்டும் தூணோட சாய்ஞ்சு நிண்டு மேசையைப் பாத்தவள் எண்டு. அவையள் கேக்கிற உதாரணம் அதுதானேடி. எனக்கு இப்பிடி ஒண்டு இல்லை. சும்மா வாயடிப்பன்."

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதியிருந்தேன். ஒன்றில் நிரூபா அழுதாள், அதை எறிந்தேன். ஒன்றில் பேசாமல் இருந்து, இறங்கியதும் சேமித்ததை அனுப்பினாள். அதுதான் நடந்திருக்கும் என்று இன்றும் பயப்படுகிறேன். மூன்றாவது இது:

"பண்ணினனான்" என்றாள் நிரூபா.

"என்ன பண்ணினனீ?"

"அப்ளை. அம்மா சொல்லவேண்டாம் எண்டவ."

றஜிதா திரும்பினாள். கோபிக்கவில்லை. 

"யாற்ற பேர் குடுத்தனீ?"

"அலெக்ஸாண்டர்."

"விசரி. அவனுக்கு உன்ர பேரே வடிவாத் தெரியாது." சிரிக்கத் தொடங்கியவள் நடுவில் நின்றுவிட்டாள். "அவன் இன்னும் அனுப்பேல்லையெண்டா மாத்தலாம். என்ர பேரைப் போடு. நான் எழுதிறன்." பிறகு, குரல் கொஞ்சம் குறைந்து: "உனக்குக் கணக்கிலயும் என்னைவிடக் கூட, என்ன?"

நிரூபா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அதில் ஏதோ ஒன்று வந்து குந்தியிருந்தது. இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் அவள் கண்டிராதது. பெயர் கேட்டு அறியவேண்டிய தேவை அவளுக்கு இல்லை, மாதக்கணக்காக அவள் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு வளர்த்தது அது. அதைக் கண்டதும் நிரூபாவுக்கு வந்தது இரக்கம் இல்லை. சந்தோஷம்.

மன்னியுங்கள், அப்படித்தான் வந்தது.

9

டொரொண்டோ யூனியன் நிலையத்தில் இறங்கமுன் நிரூபா பெயரை மாற்றிவிட்டாள். அலெக்ஸாண்டர் எதிர்பார்த்தபடி ஒன்றும் அனுப்பியிருக்கவில்லை. ஆக இப்போது இரண்டு பெட்டிகள், இரண்டு கைபேசிகள். ஒருத்தியைப் பற்றி மற்றவள் எழுதவேண்டும், எழுதப்பட்டவள் அதை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. றஜிதாவிடம் உதாரணம் தயாராக இருக்கிறது, அதைப் போடுவாளா என்பது இன்று காலைவரை எனக்குத் தெரிந்திருந்தது, இப்போது தெரியாது. நிரூபாவிடம் சேமித்த ஐந்து வரிகள் இருக்கின்றன. சீனிப் பைக்கற்றை எடுத்து வைத்த அந்த மனிதனையும், வகுப்பு சிரித்ததையும், அந்தச் சிரிப்பில் ஒரு கண்டுபிடிப்பு எல்லாருக்கும் விளங்கிப்போனதையும் எழுதினால் றஜிதா உள்ளே போய்விடுவாள். ஒருவேளை நிரூபாவின் இடத்துக்கே போய்விடுவாள்.

நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை. நானும் எழுதுகிறவன், எனக்கும் பக்கத்து இருக்கையில் நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், இந்தப் பெட்டியை நிரப்ப என்னை நம்பவேண்டாம். உங்களுக்கு ஒரு சிநேகிதி இருப்பாள். பின்னேரம்வரை நேரமிருக்கிறது. ஐந்து வரி.

நல்லவள், கெட்டிக்காரி என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். உதாரணம் ஒன்று வேண்டும்.