புதன்கிழமை: பீரோ மேல்

திருவேங்கடத்துக்கு ஆவடி பாக்டரியில் இன்ஸ்பெக்டர் வேலை. அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். அந்த வேலையை அவன் குவார்ட்டர்ஸில் சம்பளம் இல்லாமலே பார்த்தான்.

சமையலறைக் கதவில் அட்டவணை ஒட்டியிருந்தான். திங்கள் மின்விசிறி, செவ்வாய் ஜன்னல் கம்பி, புதன் பீரோ மேல் என்று ஏழு நாளுக்கும் வேலை. முடித்ததும் மனைவி தாட்சாயிணி நீலப் பென்சிலால் டிக் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவன் சரிபார்ப்பான். அதில் ஒரு சூதும் உண்டு. எங்காவது ஒரு தீக்குச்சியைப் போட்டு வைப்பான். துடைத்திருந்தால் குச்சி அவள் கைக்கு வந்திருக்கும். வரவில்லையென்றால் சிவப்பில் பெருக்கல் குறி. நல்ல மூளைதான், நல்லதுக்குப் பயன்படாத மூளை.

ஆரணியில் தாட்சாயிணியின் அம்மா பக்கவாதத்தில் கிடந்தாள். பூந்தமல்லி போய் பஸ் ஏறினால் மூன்று மணி நேரம்.

"நாலு வாரம் ஒரு பெருக்கல் வாங்காம இரு, அனுப்பறேன்" என்றிருந்தான்.

மூன்று வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டாள். நான்காவது வாரம் அம்மாவுக்கென்று ஒரு நூல் புடவையைப் பையில் மடித்தும் வைத்தாயிற்று.

அந்தப் புதன்கிழமை ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். காலையில் கியூவில் நின்றவள் திரும்பும்போது மணி மூன்று. அவன் இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தான். தலை சுற்ற, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பால் ஊற்ற வந்த கெங்கம்மாள் பார்த்தாள். "இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப் போயி கீது?"

"பீரோ மேல துடைக்கணும் கெங்கம்மா. ஸ்டூல்ல ஏறினா விழுந்துடுவேன் போல இருக்கு."

"அட போம்மா! ஒரு நாள் தொடைக்கலன்னா பீரோ இன்னா செத்தா பூடும்? டிக்கப் போட்டுட்டு படு."

அந்த அட்டவணையில் முதல் பொய் டிக்கை தாட்சாயிணி போட்டாள். அடுத்தடுத்த நாள் வேலையில் அதை மறந்தும் போனாள்.

ஞாயிறு காலை திருவேங்கடம் குளித்துவிட்டு, சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்தான். எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் ஸ்டூலில் ஏறி பீரோ மேல் கையை விட்டான். தீக்குச்சி வரவில்லை. தூசி படிந்த காகிதம் ஒன்று வந்தது.

"புதன்கிழமை துடைச்சியா?"

"ம்..."

"துடைச்சிருந்தா இது உன் கைக்கு வந்திருக்குமே."

பிரித்த தந்தி. அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படவும்.

"நீ கியூவுல நின்னப்ப வந்தது" என்றான் நிதானமாக. "ஒழுங்கா துடைச்சிருந்தா அன்னிக்கே கிளம்பியிருப்ப. நான் என்ன தடுக்கவா போறேன்?"

"நாலு நாளா உங்களுக்குத் தெரியுமாங்க?"

"பொய் டிக் போட்டது யாரு?"

அவனைக் கொன்றுபோடலாம் என்று வெறி வந்தது அவளுக்கு. முதலில் அம்மா. பையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் தம்பி உத்தமன் நின்றான். மொட்டைத் தலை.

"ஏன்க்கா வரல?" என்றான். "வியாழக்கிழமை பொழுது சாயற வரைக்கும் உனக்காக எடுக்காம வெச்சிருந்தோமே."

அவள் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து திருவேங்கடம் பதில் சொன்னான்.

"தந்தி புதன்கிழமையே வந்துடுச்சு மச்சான். உங்க அக்காதான் பாக்கல."