சிவப்புத் துணி கட்டிய மலை

வடிவம்மாளுக்கு இரண்டு பைத்தியம் என்று தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் சொல்வார்கள். ஒன்று மாடு, இன்னொன்று குப்பை. ஒரு வாழைப்பழத் தோலைக்கூட யாரையும் வீச விடமாட்டாள். எனக்குக் கொடுங்கள், என் மாடு செவலை தின்னும் என்று கையை நீட்டிவிடுவாள். சாணியைக் குழியில் கொட்டி மக்க வைத்து வீட்டுக்குப் பின்னால் கீரையும் பீன்ஸும் போட்டிருந்தாள். மற்ற வீட்டுக் குப்பையெல்லாம் லயத்தை ஒட்டிய பள்ளத்துக்குத்தான் போகும். பெரிய மழை ஒன்று பெய்தால் பள்ளம் கழுவிவிட்டதுபோல் ஆகிவிடும். அவ்வளவு குப்பையும் எங்கே போகிறது என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, கீழே பள்ளத்தாக்கில் இருக்கிற லெம்பா பெர்த்தாம்காரனுக்குப் போகிறது, அது அவன் பாடு என்று வேலப்பன் கங்காணி சொல்லிச் சிரித்தார்.

சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் மருந்து விஷயத்தில் மட்டும் அவள் யாரையும் சிரிக்க விடவில்லை.

மருந்து என்றால் புல் மருந்து. தேயிலை நிரைகளுக்கு நடுவிலும் ஓடைக்கரையிலும் முளைக்கிற புல்லை முன்பெல்லாம் பெண்கள் குனிந்து கொத்தி எடுப்பார்கள். பிறகு முதுகில் மாட்டுகிற மருந்துப் பம்பு வந்தது. பத்துப் பெண்கள் ஒரு வாரம் கொத்துகிற புல்லை ஓர் ஆள் ஒரே காலையில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனான். துரைக்குச் சந்தோஷம், கணக்கெழுதுகிற கிராணிக்குச் சந்தோஷம், இடுப்பு விட்டுப்போன பெண்களுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். வடிவம்மாளின் புருஷன் சாம்பசிவமே மருந்தடிக்கிற ஆள். ஆகவே மருந்து வேண்டாம் என்று அவளும் சொல்ல முடியாது, சோறு அதில்தான் வெந்தது.

தொல்லை என்னவென்றால், மருந்து பட்ட புல் உடனே கருகாது. முதல் நாள் முழுக்கப் பச்சைப்பசேலென்று, ஒன்றுமே அறியாத புல்போல நிற்கும். அப்படி நின்ற புல்லை அறுத்துப் போட்டுத்தான் அவளுடைய முதல் கன்று வாயில் நுரை தள்ளிச் செத்தது. மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது, வடிவம்மாள் தன்னுடைய சிவப்புச் சேலையைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் நீளநீளமாகக் கிழித்தாள். மருந்தடிக்கிறவன் அந்த நிரையின் இரண்டு முனைச் செடியிலும் ஒரு துண்டைக் கட்ட வேண்டும், புல் கருகிய பிறகு அவனே அவிழ்க்க வேண்டும் என்றாள். மலைக்கு என்ன, மாரியம்மனுக்கு நேர்த்தியா என்று வேலப்பன் கிண்டல் செய்தார். ஆனால் அவருக்கும் ஆடு இருந்தது. ஆகவே துணி நிலைத்துவிட்டது.

சில வருஷத்தில் அது சட்டம்போல ஆகிவிட்டது. துணி கட்டியிருந்தால் அரிவாளை எடுக்காதே, துணி இல்லையென்றால் தாராளமாக அறுத்துக்கொள். யாரும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்பதில்லை. புருஷன்கூடப் பெண்டாட்டியிடம் சொல்லமாட்டான், துணி சொல்லிக்கொள்ளும். ஒரு சேலை தீர்ந்தால் வடிவம்மாள் இன்னொன்றைக் கிழிப்பாள்.

செவலை அந்தக் காலத்தில் வாங்கிய மாடு. அதன் பால் லயத்தில் ஆறேழு வீட்டுக்குப் போனது. எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கடைசி வீட்டு இராசம்மாவுக்குப் போனது. இராசம்மாவுக்குப் பிரசவத்தோடு காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. டவுனில் டின் பால் வாங்க அவள் புருஷன் முனியாண்டிக்குக் கட்டுப்படியாகாது. வடிவம்மாள்தான் பாலைத் தண்ணீர் கலந்து காய்ச்சி ஆற்றிக் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். பாலுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. அந்தப் பெண் குழந்தை செவலையின் பாலில்தான் ஐந்து மாசம் வளர்ந்து, கன்னத்தில் சதை போட்டிருந்தது. குழந்தை சிணுங்கினால் இராசம்மா புட்டியை எடுத்து வடிவம்மாள் பக்கம் நீட்டுவாள், வடிவம்மாள் வாங்கிக்கொண்டு போய் நிரப்பி வருவாள். அது இரண்டு பேருக்கும் பழகிப்போன வேலை.

எண்பத்து நான்காம் வருஷம் ஒரு சனிக்கிழமை, ஈப்போவிலிருந்து ஒரு வேன் வந்தது. இயற்கையைக் காப்போம் என்று தமிழிலும் மலாயிலும் எழுதிய துணி அதன் நெற்றியில் கட்டியிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள், அவர்களோடு நவமணி டீச்சர். தோட்டத்தைச் சுத்தம் செய்ய வந்திருக்கிறார்கள், இரவு தோட்டத்து மண்டபத்தில் தங்குவார்கள், எல்லாரும் ஒத்துழைக்க வேண்டும் என்று கிராணி அறிவித்தார்.

லயம் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றா கேட்கிறீர்கள்? பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். முனியாண்டி, மோட்டார்க் காடியில் வந்து குப்பை போடுகிறவர்களும் அவர்கள்தான், காடியில் வந்து பொறுக்குகிறவர்களும் அவர்கள்தான், நமக்கு இதில் என்ன வேலை என்றான். சாணி வாங்கத் திரிங்காப்பிலிருந்து வந்திருந்த காய்கறித் தோட்டக்காரர் சிவசாமி அதற்கும் மேலே போனார். கோஸில் பூச்சி அரித்த ஓர் ஓட்டை இருந்தால் லோரிக்காரன் திருப்பிவிடுகிறான், பூச்சி வந்து இந்தப் பேனரைப் படிக்குமா, மருந்து கூடாதென்று பேச வயிறு நிறைந்திருக்க வேண்டும் என்றார். சாணி மூட்டையை ஏற்றிக்கொண்டே சொன்னார் என்பதுதான் வேடிக்கை.

வடிவம்மாளுக்கு மட்டும் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷம் தன்னைப் பைத்தியம் என்றவர்கள் முன்னால், படித்த பிள்ளைகள் தன்னைப்போலவே குப்பையைப் பார்த்து முகம் சுளிக்கிறார்களே! தேநீர் போட்டுக் கொடுத்தாள். முனியாண்டியை அதட்டி வாயை மூடச் சொன்னாள். நவமணி டீச்சர் அவளுடைய சாணிக்குழியையும் கீரைப் பாத்தியையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்கள்ல ஒருத்தராவது இருக்கீங்களே, அக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லிப் பசப்புகிற முகம் அல்ல டீச்சருடைய முகம், நல்ல மனுஷி.

பிள்ளைகள் சாக்குகளோடு மூன்றாம் மலைக்கு ஏறி, பகல் முழுக்கப் பொறுக்கினார்கள். இறங்கும்போது ஒரு பெண் சாக்கைத் தூக்க முடியாமல் திணறினாள். வடிவம்மாளே ஓடிப்போய் அதைத் தன் தலையில் வாங்கி, தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் இருந்த எரிகுழி வரைக்கும் சுமந்தாள். சாக்கின் வாய் கட்டியிருந்தது. ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நடந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

சாயங்காலம் பனி இறங்கியது. அவள் அரிவாளோடு மூன்றாம் மலை ஓடைக்கரைக்குப் போனாள். புல் தளதளவென்று நின்றது. வழக்கம்போல நிரையின் இந்த முனையைப் பார்த்தாள், நடந்துபோய் அந்த முனையையும் பார்த்தாள். துணி இல்லை. ஈரமாக இருந்ததைப் பனி என்று நினைத்தாள். சளி பிடித்த மூக்குக்கு வாடை எதுவும் தெரியவில்லை. இரண்டு கட்டு அறுத்துக் கொண்டுவந்து போட்டாள், செவலை ஆசையாகத் தின்றது. சாம்பசிவம் வீட்டில் இல்லை. சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அப்படியே கோலா தெர்லாவுக்குப் போய், லோரிக்குக் காய்கறி ஏற்றிவிட்டு மறுநாள் காலைதான் திரும்புவான்.

ஞாயிறு காலை மாடு பால் குறைவாகக் கொடுத்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டாள். முதலில் இராசம்மாவின் புட்டிக்கு ஊற்றினாள், மீதியை மற்ற வீடுகளுக்குக் கொடுத்தாள். பாத்திரம் கழுவிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பியபோது செவலை கால் மடங்கிக் கிடந்தது. வாயோரம் நுரை. அந்த நுரையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துச் சாம்பசிவம் வந்து சேர்ந்தான். மாட்டைப் பார்த்தான், மிச்சம் கிடந்த புல்லை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"எங்க அறுத்தே?"

"மூணாம் மலை, ஓடைக்கரை."

"அடிப்பாவி. நேத்துக் காலைல அங்கதான் மருந்து அடிச்சேன்."

"துணி இல்லியே."

"ரெண்டு முனைலயும் கட்டினேன்லா. என் கையாலே கட்டினேன்."

அவள் நம்பவில்லை. மறந்துவிட்டுப் பொய் சொல்கிறான் என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், பதினெட்டு வருஷ வாழ்க்கையில் சொல்லாததையெல்லாம் சொன்னாள். குப்பை பொறுக்க வந்த பிள்ளைகள் மலையில் கட்டின துணியையா சும்மா விட்டிருப்பார்கள் என்று மட்டும் அவன் முனகினான். அதைக் கேட்டதும் அவள் சட்டையை விட்டாள். எரிகுழிக்கு ஓடினாள்.

பிள்ளைகள் அப்போதுதான் மண்ணெண்ணெய் ஊற்றத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். தான் சுமந்து வந்த சாக்கை இழுத்து அவிழ்த்துக் கொட்டினாள். சார்டின் டின், சிகரெட் பெட்டி, பிளாஸ்டிக் பை, அவற்றுக்கு நடுவே சிவப்புத் துண்டுகள். ஒன்றல்ல, மூன்றாம் மலையில் இருந்த அத்தனையும். ஒன்றின் ஓரத்தில் மஞ்சள் கரை ஓடியது. அந்தக் கரையை அவளுக்குத் தெரியாதா, அவள் உடுத்திய சேலை. அதை எடுத்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் பால் ஞாபகம் வந்தது.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. வழியில் எதிர்ப்பட்ட சாம்பசிவத்திடம், மற்ற வீட்டுப் பாலையெல்லாம் கொட்டு என்று கத்திவிட்டு, கடைசி வீட்டுக்குள் நுழைந்தாள். அடுப்படியில் புட்டி கவிழ்த்து வைத்திருந்தது. கழுவிய புட்டி. தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இராசம்மா வாயில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று சைகை காட்டினாள்.

"இப்பதான்கா குடிச்சிட்டுத் தூங்குறா. எழுப்பிடாதீங்க."

வடிவம்மாள் தூளிக்குள் கையை விட்டுக் குழந்தையைத் தூக்கினாள். அது எழவில்லை, தலை சாய்ந்தது. தூக்கக் கிறக்கமா, வேறு எதுவுமா, யாருக்குத் தெரியும்? மாடு விழுந்துவிட்டது, பாலில் மருந்து இருக்கும் என்று அவள் சொன்னபோது இராசம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

தோட்டத்து லோரி ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட்டுக்குப் போய்விட்டது. இருந்தது அந்த வேன் ஒன்றுதான். நவமணி டீச்சர் ஒரு கேள்வி கேட்கவில்லை, பிள்ளைகளைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி இருக்கிற தானா ராத்தாவுக்குப் போகிற வழியெல்லாம் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் இராசம்மா குழந்தையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மாரியாத்தா, மாட்டை எடுத்துக்கோ, என்னையும் எடுத்துக்கோ, இதை விட்டுடு என்று வடிவம்மாள் மனசுக்குள் கதறினாள். இராசம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். இராசம்மா கதவோரம் நின்றாள். வடிவம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். நவமணி டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். ஒன்றும் ஆகாது அக்கா, டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றார். அழாமல் இருக்கட்டும் என்றுதானோ என்னவோ, ஏதேதோ பேசினார். பேச்சுவாக்கில் அவள் கைக்குள் கசங்கிக்கிடந்த துணியைப் பார்த்தார்.

"இந்தத் துணியா? நேத்து மலையில இது நிறையப் பொறுக்கினோம், அக்கா. நல்ல செடியில இப்படிக் கந்தலைக் கட்டி வைக்கிறது யாருன்னே தெரியலே."

"நான்தான், டீச்சர்."

டீச்சர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"மருந்து அடிச்ச இடத்துல கட்டுவோம். மாட்டுக்குப் புல் அறுக்கக்கூடாதுன்னு."

டீச்சரின் கை அவள் முதுகிலிருந்து மெல்ல இறங்கியது. அவர் என்ன செய்வார், பாவம். அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி அங்கே இருந்தாளே, காலையில் கூடவே திரிந்தாளே, தேநீர் ஊற்றினாளே, புகழ்ச்சிக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றாளே. மலை ஏறுமுன் ஒரு வார்த்தை, சிவப்புத் துணியைத் தொடாதீர்கள் என்று ஒரே ஒரு வார்த்தை, அவள் வாயில் வரவில்லை. துணி எல்லாரிடமும் தானே சொல்லிக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. வீறிட்ட அழுகை. நர்ஸ் வெளியே வந்து, வயிற்றைக் கழுவிவிட்டோம், இப்போதைக்குப் பயமில்லை, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும், பசியில் அழுகிறது, பால் கொண்டுவாருங்கள் என்றாள்.

இராசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணிப்பையிலிருந்து புட்டியை எடுத்தாள். ஐந்து மாசப் பழக்கம், கை தானாகவே வடிவம்மாள் பக்கம் நீண்டது. வடிவம்மாளும் எழுந்து கையை நீட்டிவிட்டாள். பாதி வழியில் இராசம்மாவின் கை நின்றது. அவள் புட்டியைப் பின்னுக்கு இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வேணாம்கா. டின் பால் வாங்கிக்கிறோம்."

உள்ளே குழந்தை நிறுத்தாமல் அழுதது. டின் பால் வாங்க முனியாண்டிக்கு வழியில்லை என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.